விண்நடைப் பயிற்சியின் வரலாறு

நீச்சல் பழக விரும்புகிறவன் நீரில் இறங்கியே ஆகவேண்டும். கரைமணலில் குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அடித்துக்கொண்டு ஒருவனும் நீந்தக் கற்றதில்லை. ஆனால், இறங்கிப் பழகுவதற்கு இடமே இல்லாத ஒரு வேலை இருக்குமானால் அதனை எங்ஙனம் பழகுவது? தரைக்கு மேலே 250 மைல் உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 17,500 மைல் வேகத்தில் பறந்துகொண்டிருக்கும் விண்கலத்தின் கதவைத் திறந்து வெளியே வந்து, எடையற்ற வெட்டவெளியில் மிதந்தவாறே திருகாணி முடுக்குவதும் கம்பி பூட்டுவதும் அத்தகைய வேலையாகும். ‘விண்நடை’ என்று அதற்குப் பெயர். பெயரிலேதான் நடை இருக்கிறது. அங்கே கால்களுக்கு வேலை மிகக் குறைவு. கைகளால் ஒவ்வொரு பிடியாகப் பற்றிப் பற்றி ஊர்ந்து செல்வதே அந்த நடை.

எடையில்லாத இடம் என்று ஒன்று பூமியின்மேல் இல்லை. ஆகவே இந்த வேலைக்கு வீரர்களைப் பழக்க முற்பட்டோர், எடையின்மையைப் போன்ற போலி நிலைமைகளைத் தாமே படைத்துக்கொண்டனர். முதலில் வானூர்தி, பிறகு நீர்த்தொட்டி, அதனோடு காற்றின்மேல் வழுக்கும் தளம், பின்னர்க் கண்களின்மீது அணிந்துகொள்ளும் கணிப்பொறிக் காட்சி என்று அவை வந்தன. ஒவ்வொரு போலியும் பயில்வோருக்கு ஓர் உண்மையைக் கற்பித்தது. கூடவே ஒரு பொய்யையும் கற்பித்தது. அந்தப் பொய் எது என்பது கற்பித்தோருக்கே முன்கூட்டித் தெரியவில்லை. வீரர் மேலே சென்று இடர்ப்பட்ட பிறகே அது தெரியவந்தது.

சோவியத் நாட்டின் அலெக்ஸி லியோனவ் 1965ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் நாள் வாஸ்கோட் 2 என்னும் கலத்திலிருந்து வெளிவந்து 12 நிமிடங்கள் மிதந்தார். மனித இனத்தில் அவ்வாறு முதலில் வெளிவந்தவர் அவரே. திரும்ப நுழையும் வேளையில் அவருடைய உடை காற்றடைத்த பந்துபோலப் புடைத்து விறைத்துவிட்டது. உடையினுள் இருந்த காற்றழுத்தத்தைத் தாமே குறைத்துக்கொண்டு, உயிருக்குப் போராடியே அவர் உட்புகுந்தார். அந்தப் போராட்டம் அக்காலத்தில் வெளியுலகுக்குச் சொல்லப்படவில்லை. அதே ஆண்டு ஜூன் 3ஆம் நாள் அமெரிக்கரான எட்வர்ட் வைட் ஜெமினி 4 கலத்திலிருந்து வெளியே வந்தார். கையில் ஒரு வாயுத் துப்பாக்கியை வைத்து இயக்கிக்கொண்டு இருபது நிமிடங்களுக்கு மேல் மிதந்து மகிழ்ந்தவர், உள்ளே வர மனமில்லாமல் வந்தார். அந்த மகிழ்ச்சியே அமெரிக்கரை ஏமாற்றியது எனலாம். மிதப்பது வேறு, மிதந்துகொண்டே வேலை செய்வது வேறு என்பது அவர்களுக்கு மறு ஆண்டில்தான் விளங்கியது.

1966 ஜூன் 5ஆம் நாள் ஜெமினி 9 கலத்தின் யூஜின் செர்னன் வெளியே சென்றார். முதுகில் அணிந்து பறக்கும் பொறியொன்று கலத்தின் பின்புறத்தில் வைக்கப்பட்டிருந்தது. அங்கே சென்று அதனை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட பணி. ஒரு குமிழைத் திருகினால் குமிழோடு அவர் உடம்பும் சேர்ந்து எதிர்ப்பக்கம் திரும்பியது. ஒன்றைத் தள்ளினால் அவரே பின்னோக்கிப் போனார். கால் ஊன்ற இடமில்லை. பிடித்துக்கொள்ளப் போதிய பிடியும் இல்லை. உடம்பை ஒரே இடத்தில் நிறுத்திவைப்பதிலேயே வலிமையெல்லாம் செலவாயிற்று. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 150க்கு மேலே சென்றது. முகக்கண்ணாடியில் ஆவி படிந்து பார்வை மறைந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போராடியும் பறக்கும் பொறியைப் பயன்படுத்தாமலே அவர் திரும்பும்படி ஆயிற்று. ஜூலையில் ஜெமினி 10இன் மைக்கேல் காலின்ஸ், தாம் பற்றிக்கொள்ள முயன்ற மற்றொரு கலத்தின் வழவழப்பான விளிம்பிலிருந்து வழுக்கிச் சென்றார். செப்டம்பரில் ஜெமினி 11இன் ரிச்சர்ட் கார்டன், கண்களில் வியர்வை வழிய, 33 நிமிடங்களில் வேலையைக் குறைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

இவர்கள் பயிற்சியில்லாமல் சென்றவர்கள் அல்லர். வானூர்தியில் பழகியவர்கள். பெரிய வானூர்தி ஒன்று சாய்வாக மேலேறிப் பிறகு வில்லைப்போல் வளைந்து இறங்குமாயின், அந்த வளைவின் முகட்டில் உள்ளே இருப்போர் எடையின்றி மிதப்பர். எறியப்பட்ட கல்லோடு கல்லாகத் தாமும் விழுந்துகொண்டிருப்பதே அதற்குக் காரணம். இம்முறை போலி என்று சொல்லத்தகாத அளவுக்கு மெய்யானது. ஆனால் அது நீடிப்பது 25 விநாடி அளவே. பிறகு வானூர்தி நிமிரும். எடை இருமடங்காகத் திரும்பிவரும். வீரர் தரையில் கிடந்து இளைப்பாறுவார். இரண்டு மணி நேர வேலையை இவ்வாறு துண்டு துண்டாக நறுக்கிப் பழகியபோது, ஒவ்வொரு துண்டும் எளிதாகவே இருந்தது. இடைவிடாமல் செய்தால் வரும் களைப்பு அங்கே வரவேயில்லை. வானூர்தி கற்பித்த பொய் அதுதான்.

இதற்கிடையில் அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்தில், பால்டிமோர் நகரை அடுத்த மக்டோனா என்னும் பள்ளிக்கூடத்தின் நீச்சற்குளத்தில் ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. சாமுவேல் மாட்டிங்லி, ஹாரி லோட்ஸ் என்னும் இருவர் நடத்திய சிறு நிறுவனம், நாசா என்னும் விண்வெளி அமைப்பின் லாங்லி ஆய்வு நிலையத்துக்காக அச்சோதனையைச் செய்தது. அழுத்தம் ஏற்றிய விண்ணுடையை அணிந்த ஒருவர்மீது ஈயத் துண்டுகளை ஆங்காங்கே கட்டி, மிதக்கவும் மாட்டாமல் மூழ்கவும் மாட்டாமல் நீரின் நடுவே நிற்கும்படி செய்தால், அவர் விண்ணில் இருப்பவரைப்போல் அசைய இயலுமா என்பது அவர்கள் கேட்ட கேள்வி. தொடக்கத்தில் இதனைப் பெரிதாக மதித்தவர் சிலரே. தம் பயணத்துக்குப் பின் செர்னன் அந்தக் குளத்துக்கு வந்து, விண்ணில் தாம் பட்ட பாடுகளை நீருக்குள் மீண்டும் செய்துபார்த்தார். அங்கே தோல்வியுற்ற இடங்களிலேயே இங்கும் உடம்பு தடுமாறியது. கற்பிக்கும் தொழிலில் உள்ளவர்கள் இதனைக் கவனிக்கவேண்டும்: ஒரு பயிற்சி மெய்யானதா என்பதை, அங்கே மாணவன் அடையும் வெற்றியைக் காட்டிலும் அவன் செய்யும் தவறுகளே தெளிவாகக் காட்டிவிடுகின்றன.

அடுத்து எட்வின் ஆல்ட்ரின் அக்குளத்தில் இறங்கினார். அவர் முன்னமே நீர்மூழ்கப் பழகியவர். ஜெமினி 12 கலத்தின் பின்பகுதியைப் போன்ற மாதிரி ஒன்றை நீருக்குள் வைத்து, செய்யவேண்டிய வேலைகள் அனைத்தையும் தொடக்கம் முதல் இறுதி வரை இடையறாமல் செய்து பழகினார். எந்த இடத்தில் கைப்பிடி வேண்டும், எங்கே கால்களைச் செருகிக்கொள்ள மிதியடி வேண்டும், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பவையெல்லாம் நீருக்குள்ளேயே முடிவாயின. 1966 நவம்பரில் அவர் மூன்று முறை கலத்தின் கதவைத் திறந்து, ஐந்தரை மணி நேரம் வெளியில் பணியாற்றினார். அவற்றுள் ஒன்றில் முழுவதுமாக வெளியே வந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் திருகாணிகளைக் கழற்றியும் பூட்டியும் கம்பிகளை இணைத்தும் காட்டினார். வியர்வையால் கண் மறையவில்லை, நாடி பதறவில்லை. ஒரு பள்ளிக்கூடத்து நீச்சற்குளம் விண்வெளி வரலாற்றில் இடம்பெற்ற கதை இது.

அன்று முதல் நீரே குருவாயிற்று. அலபாமா மாநிலத்து ஹண்ட்ஸ்வில் நகரில் 75 அடி விட்டமும் 40 அடி ஆழமும் உள்ள பெருந்தொட்டி அமைந்தது. 1973 மே மாதத்தில் ஸ்கைலாப் என்னும் விண்கூடம் ஏவப்பட்டபோதே அதன் மறைப்புக் கிழிந்து, சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் சிறகுகளுள் ஒன்று அறுந்து போயிற்று; மற்றொன்று உலோகப் பட்டை ஒன்றில் சிக்கி விரியாமல் நின்றது. அப்பட்டையை எவ்வாறு வெட்டுவது என்பதைக் கீழே இருந்தவர்கள் அந்தத் தொட்டியில் இறங்கிப் பார்த்துச் சொல்ல, ஜூன் 7ஆம் நாள் சார்ல்ஸ் கான்ராடும் ஜோசப் கெர்வினும் மேலே வெட்டி முடித்தனர். சிறகு விரிந்தது, விண்கூடம் பிழைத்தது. சோவியத் நாட்டிலும் 1980இல், மாஸ்கோவுக்கு அருகே உள்ள விண்வீரர் பயிற்சி நகரில் 23 மீட்டர் விட்டமுள்ள நீர்த்தொட்டி அமைந்தது.

நீரும் பொய் சொல்லும் என்பது பொறியியலார்க்குத் தெரியாததன்று. நீரினுள் தலைகீழாக நின்றால் உடை மிதந்தாலும் உடைக்குள் இருப்பவர் எடையோடுதான் இருக்கிறார். இரத்தம் தலைக்கு இறங்கும். இது சிறு குறை. பெருங்குறை, நீர் தடுப்பது. நீரில் ஒரு பொருளைத் தள்ளினால் சிறிது தூரம் சென்று நின்றுவிடும். விண்ணில் தள்ளிய பொருள் தள்ளிய வேகத்திலேயே சென்றுகொண்டிருக்கும். சுழற்றியது சுழன்றுகொண்டே இருக்கும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சக மாணவர்களையே பிள்ளைகளாக உட்காரவைத்து மாதிரிப் பாடம் நடத்தியவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். அங்கே உட்கார்ந்திருப்போர் கேட்டவுடன் விடை சொல்லுவர். சொன்ன இடத்தில் இருப்பர். மெய்யான வகுப்பு அவ்வாறு இருப்பதில்லை. நீரும் அப்படி அடங்கிப்போகும் வகுப்பு.

அந்தக் குறை 1992 மே மாதத்தில் உலகறிய வெளிப்பட்டது. இண்டெல்சாட் 6 என்னும் செய்தித்தொடர்புத் துணைக்கோள் ஒன்று, 1990இல் ஏவப்பட்டபோது ராக்கெட்டின் பிழையால் சென்றடைய வேண்டிய உயரத்தை அடையாமல் தாழ்ந்த பாதையிலேயே நின்றுவிட்டது. அதனைப் பிடித்துப் புதிய உந்துபொறி ஒன்றைப் பூட்டி அனுப்புவது, எண்டெவர் விண்ணோடத்தின் முதற்பயணத்துக்கு இடப்பட்ட வேலை. துணைக்கோளின் எடை ஏறத்தாழ நான்கு டன். விண்ணோடத்தின் நீண்ட இயந்திரக் கரத்தின் நுனியில் பியர் துவோ என்னும் வீரர் நின்றுகொண்டு, இதற்கெனச் செய்த பிடிப்புச் சட்டம் ஒன்றைத் துணைக்கோளின் அடிவிளிம்பில் பொருத்தவேண்டும். பொருத்தி அழுத்தினால் சட்டத்தின் கொக்கிகள் தாமே விழுந்து பூட்டிக்கொள்ளும். பயிற்சியில் அவ்வாறே பூட்டிக்கொண்டன.

மே 10ஆம் நாள் துவோ சட்டத்தை வைத்தார். வைத்த கணமே துணைக்கோள் நழுவி ஆடத் தொடங்கியது; கொக்கிகள் விழவில்லை. மறுநாளும் முயன்றார். மறுநாளும் அதே கதைதான். பயிற்சிக்கு வைத்திருந்த மாதிரிகளில் எவ்வளவு நன்றாக வழுக்கச்செய்தாலும் சிறிது உராய்வு எஞ்சியிருந்தது. அந்தச் சிறு உராய்வு, கொக்கிகள் விழும்வரை மாதிரியை ஓரிடத்தில் நிறுத்திவைத்தது. விண்ணில் உராய்வு இல்லை. நான்கு டன் எடையுள்ள பொருளாயினும் விரலால் தொட்டாலே விலகிப்போகும். விலகத் தொடங்கினால் நிற்காது. ஆண்டுக்கணக்கில் எண்ணிச் செய்த ஒரு கருவி பயனற்றுப் போனதற்குக் காரணம் கருவியில் இல்லை. அதனைச் சோதித்த பள்ளியில் இருந்தது.

மேலே இருந்தவர்கள் புதிய வழி ஒன்றை நினைத்தனர். மூன்று பேர் ஒரே நேரத்தில் வெளியே சென்று, மூன்று பக்கத்திலும் நின்று, கைகளாலேயே துணைக்கோளைப் பிடிப்பது என்பது அவ்வழி. இருவருக்கென அமைந்த காற்றடைப்பு அறைக்குள் விண்ணுடையோடு மூவர் அடங்குவரா என்பதைக் கீழே ஹூஸ்டன் நகரத்துத் தொட்டியில் உடன்பணியாளர் மூவர் நீருக்குள் நுழைந்து பார்த்துச் சொன்னார்கள். பழைய குருவும் கைவிடவில்லை. மே 13ஆம் நாள் துவோவும் ரிச்சர்ட் ஹீப்பும் தாமஸ் ஏக்கர்சும் சரக்குத் தளத்தில் நிலைகொள்ள, விண்ணோடத் தலைவர் டேனியல் பிராண்டன்ஸ்டைன் கலத்தை அங்குலம் அங்குலமாக அருகே கொண்டுசென்றார். மூவரும் அவசரப்படாமல் காத்திருந்து, ஒரே நேரத்தில் பற்றினர். துணைக்கோள் நின்றது. அன்று அவர்கள் வெளியே இருந்த நேரம் 8 மணி 29 நிமிடம். அதுவரை எவரும் அவ்வளவு நேரம் வெளியில் இருந்ததில்லை.

வெற்றி கிடைத்துவிட்டது, ஆயினும் நாசா அமைப்பினருக்கு உறக்கம் வரவில்லை என்றே கருதவேண்டும். ஏனெனில் மறு ஆண்டில் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கும் பயணம் காத்திருந்தது. 1990 ஏப்ரலில் ஏவப்பட்ட அத்தொலைநோக்கியின் பெரிய ஆடி, ஓரத்தில் தலைமயிரின் தடிப்பில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குப் பிழையாகத் தேய்க்கப்பட்டிருந்தமையால் அனுப்பிய படங்கள் மங்கலாயிருந்தன. அதனைத் திருத்த ஐந்து நாள் தொடர்ந்து விண்நடை செய்யவேண்டும். அவ்வளவு நுட்பமான வேலை அதற்கு முன் முயலப்பட்டதில்லை. துணைக்கோளைப்போல் இதுவும் கைநழுவினால் மறுபடி ஒரு வாய்ப்புக் கிடைப்பது அரிது. ஆகவே 1993இல் சென்ற வேறு மூன்று பயணங்களில், பயிற்சிக்கும் மெய்யான விண்நடைக்கும் உள்ள வேறுபாட்டை அளந்தறிவதற்கென்றே வீரர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள்.

இந்நிலையில்தான் புதிய குரு ஒருவர் வந்து சேர்ந்தார். அவருடைய வரலாறு 1968இல் தொடங்குகிறது. ஐவன் சதர்லண்ட் என்னும் அமெரிக்க அறிஞர், இரு கண்களுக்கும் தனித்தனியே படம் காட்டுகின்ற தலைக்கருவி ஒன்றைச் செய்தார். பளு மிகுந்திருந்தமையால் அது கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டது. அணிந்தவர் தலையைத் திருப்பினால் கணிப்பொறி அதை உணர்ந்து படத்தையும் திருப்பும். அன்று காட்டியவை வெறும் கோட்டுருவங்கள். 1980களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் மெக்ரீவி, ஸ்காட் ஃபிஷர் முதலியோர் சிறிய படிகத் திரைகளைக் கொண்டு எளிய தலைக்கருவியைச் செய்தார்கள். விரல்களின் அசைவைக் கணிப்பொறிக்குச் சொல்லும் கையுறையும் அதனோடு சேர்ந்தது. இந்தக் கலைக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைப் பரப்பியவர் ஜாரன் லேனியர்.

தமிழில் இதனை ‘மெய்நிகர்’ என்கிறோம். மெய்யைப்போல நிகர்த்து நிற்பது என்பது பொருள். தமிழாசிரியர்கள் இச்சொல்லைக் கண்டு சற்றே நிற்பார்கள். மெய் என்பதற்கு வாய்மை என்றும் பொருளுண்டு; உடம்பு என்றும் பொருளுண்டு. சொல்லை ஆக்கியவர் இரண்டாம் பொருளை எண்ணினாரோ இல்லையோ, இக்கருவியின் வலிமையும் வறுமையும் அந்த இருபொருளுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. அதனைப் பின்னர்க் காண்போம்.

ஹூஸ்டன் நகரத்து ஜான்சன் விண்வெளி நிலையத்தில் 1990களின் தொடக்கத்தில் அமைந்த மெய்நிகர் கூடம், ஹபிள் பயணத்துக்குத் துணையாயிற்று. அந்நகரத்துத் தொட்டியின் நீளம் 78 அடி, அகலம் 33 அடி, ஆழம் 25 அடி. உயர்ந்து நிற்கும் தொலைநோக்கியும் அதனைச் சுற்றி வளைந்து வரும் இயந்திரக் கரமும் அதற்குள் அடங்கா. கணிப்பொறிக்குள்ளோ எல்லாம் அடங்கும். கரத்தின் நுனியில் நிற்கவேண்டியவர் தலைக்கருவியை அணிந்துகொண்டு, தம் கால்களுக்குக் கீழே விண்ணோடத்தையும் அதற்கும் கீழே பூமியையும் கண்டார். கரத்தை இயக்குகின்ற சுவிட்சர்லாந்து நாட்டவரான கிளாட் நிக்கோலியே தம் இடத்திலிருந்து அதனை இயக்கினார். இருவரும் ஒருவரோடொருவர் பேசி, எந்த வழியாக வந்தால் இடிபடாது, எந்த இடத்தில் நின்றால் கை எட்டும் என்பனவற்றை முன்னமே தெரிந்துகொண்டார்கள். வீரர்கள் மட்டும் அல்லர். தரைக்கட்டுப்பாட்டுக் கூடத்தில் அமர்ந்து வழிகாட்டவேண்டியவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர், பவன் லாஃப்டின், பாட்ரிக் கென்னி ஆகியோர் அமைத்த மெய்நிகர் காட்சிக்குள் புகுந்து, தொலைநோக்கியின் கதவுகளையும் பெட்டிகளையும் தாமே கைநீட்டித் தொடுவதுபோல் பார்த்தனர். வரைபடத்தில் மட்டும் கண்ட இடத்தை இவ்வாறு நேரில் நின்று கண்டதனால், ‘இடப்பக்கம் நகருங்கள்’ என்று கீழேயிருந்து சொல்வோருக்கு எது இடம், எது வலம் என்பது ஐயமின்றித் தெரிந்தது.

இதனால் பழைய பயிற்சிகள் கைவிடப்பட்டுவிட்டன என்று எண்ணலாகாது. ஹபிள் விண்நடை வீரர்களின் தலைவரான ஸ்டோரி மஸ்கிரேவ் அதே ஆண்டு மே மாதம் காற்றில்லாத குளிர்க்கூடம் ஒன்றில் கருவிகளைச் சோதித்தபோது, அவருடைய விரல்கள் உறைந்து புண்பட்டன. எந்தக் குளமும் எந்தக் கணிப்பொறியும் அந்தக் குளிரை அவருக்குச் சொல்லியிருக்கமாட்டா. 1993 டிசம்பரில் மஸ்கிரேவ், ஜெப்ரி ஹாஃப்மன், காத்ரின் தார்ண்டன், ஏக்கர்ஸ் ஆகிய நால்வர் இருவர் இருவராக ஐந்து முறை வெளியே சென்று 35 மணி 28 நிமிடம் உழைத்தார்கள். வளைந்துபோயிருந்த சூரியச் சிறகு ஒன்றைத் தார்ண்டன் கரத்தின் நுனியில் நின்று கைகளில் ஏந்தி, மெல்ல விடுவித்தார். அவர் தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. கைகளை எடுத்துக்கொண்டார், கரம் அவரைப் பின்னுக்குக் கொண்டுவந்தது, சிறகு இருந்த இடத்திலேயே நின்றது. நீருக்குள் மட்டும் பழகிய கைக்கு எளிதில் வாராத அடக்கம் அது. தொலைநோக்கி தெளிவாகப் பார்க்கத் தொடங்கியது.

1995இல் ஹூஸ்டனில் இருந்த பெர்னார்ட் ஹாரிஸ் என்னும் வீரரும் ஜெர்மனியில் இருந்த உல்ஃப் மெர்போல்ட் என்னும் வீரரும், அட்லாண்டிக் பெருங்கடலுக்கு இருமருங்கும் இருந்தவாறே ஒரே மெய்நிகர் காட்சிக்குள் சந்தித்து, ஹபிளின் ஓர் உறுப்பை மாற்றும் வேலையை ஒத்திகை பார்த்தார்கள் என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது.

கண்ணுக்கு எல்லாம் மெய்யாகத் தோன்றும் இக்காட்சியில் உடம்புக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. பெட்டியைப் பற்றியதாகக் கண் சொல்லும். கை வெறுங்காற்றைப் பற்றியிருக்கும். விண்ணில் ஒரு பொருளுக்கு எடை போய்விடும். ஆனால் அதன் நிறை போகாது. பெரிய பெட்டியை அசைக்கத் தொடங்குவதும் கடினம். அசைந்ததை நிறுத்துவது அதைவிடக் கடினம். காட்சி மட்டும் பழகியவர் அதனை இறகென நினைத்து இழுத்தால் விரல் நசுங்கும். இக்குறையைப் போக்க ஹூஸ்டனில் ‘சார்லட்’ என்னும் பொறியைக் கொண்டுவந்தனர். ஒரு பெட்டியை எட்டுத் திசைகளிலும் கம்பிகளால் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு கம்பியையும் ஒரு மின்பொறி இழுக்கவும் தளர்த்தவும் செய்வது அது. வலை நடுவே இருக்கும் சிலந்தியைப் போன்றது. தலைக்கருவி அணிந்தவர் அப்பெட்டியின் பிடிகளைப் பற்றி நகர்த்தும்போது, மெய்யான சுமை எப்படித் தயங்கும், எப்படித் தொடரும் என்பதைக் கணிப்பொறி கணக்கிட்டுக் கம்பிகளின் வழியே கைக்குச் சொல்லும். கண் காண்பதும் கை உணர்வதும் ஒன்றாகும். அவ்வளவு செய்தும், அழுத்தமேறிய கையுறைக்குள் ஆறேழு மணி நேரம் விரல்களை மடக்கி மடக்கி நகக்கண் நோவதை எந்தக் காட்சியும் கற்பிக்கவில்லை. அதற்கு நீருக்குள்தான் இறங்கவேண்டும். ஆகவேதான் மெய்நிகர் வந்த பிறகும், 1990களின் பிற்பாதியில் ஹூஸ்டனில் முன்னையதைவிடப் பெரிய தொட்டி பணிக்கு வந்தது. 202 அடி நீளம், 102 அடி அகலம், 40 அடி ஆழமுள்ள அத்தொட்டியில் 62 லட்சம் காலன் நீர் நிற்கிறது.

ஆயினும் ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் மெய்நிகர்க் கூடத்தைவிட்டால் வேறு பள்ளி இல்லை. வீரர்கள் வெளியே செல்லும்போது கயிற்றால் கலத்தோடு பிணைக்கப்பட்டே செல்வார்கள். அக்கயிறு அறுந்தால் என்செய்வது? விண்ணோடம் தனியே பறந்த காலத்தில், விலகிப்போனவரைத் துரத்திச் சென்று பிடிக்கலாம் என்ற துணிவு இருந்தது. 100 கெசம் கூட விலகாத வீரருக்காகவும், பல கலங்கள் ஒன்றாகப் பிணைந்த ஒரு விண்வெளி நிலையத்தைத் திருப்பித் துரத்த இயலாது. ஆகவே ‘சேஃபர்’ என்னும் சிறு உந்துகருவியை முதுகுப்பைக்குக் கீழே பொருத்தினார்கள். அதில் 24 சிறு வாயில்கள். மூன்று இராத்தல் அளவு நைட்ரஜன் வாயு. முழுவதையும் செலவிட்டாலும் வீரருக்குக் கிடைக்கும் வேகமாற்றம் விநாடிக்குப் பத்தடிதான். 1994 செப்டம்பர் 16ஆம் நாள் மார்க் லீயும் கார்ல் மீடும் பிணைப்புக் கயிறு இல்லாமல் மிதந்து அதனைச் சோதித்தனர்.

இந்தக் கருவியை இயக்குவதை நீரில் பழக முடியாது. நீர் வாயுவின் உந்துதலை விழுங்கிவிடும். வானூர்தியின் 25 விநாடி போதாது. ஆதலால் வீரர் மெய்நிகர்க் கூடத்தில் நாற்காலியில் அமர்ந்து தலைக்கருவியை அணிகிறார். ஆசிரியர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். வீரர் நிலையத்திலிருந்து தூக்கியெறியப்பட்டுக் கரணமடித்துப் போவதாகக் காட்சி சுழல்கிறது: பூமி, இருள், சூரியன், நிலையம், மீண்டும் பூமி. அவர் பதறாமல் கருவியின் கைப்பிடியைத் தேடி எடுத்துச் சுழற்சியை நிறுத்தவேண்டும். பிறகு நிலையம் எங்கே என்று தேடவேண்டும். பிறகு எஞ்சியிருக்கும் வாயுவைக் கணக்கிட்டுக்கொண்டு திரும்பவேண்டும். வழிதவறி வாயு தீர்ந்துபோனவர், நிலையம் சிறுகச் சிறுக விலகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். தலைக்கருவியைக் கழற்றினால் கூடத்தின் விளக்கும் ஆசிரியரின் முகமும் தெரியும். மறுபடி தொடங்குவார்கள்.

விண்வெளி நிலையத்திலும் இப்பயிற்சி நின்றுவிடுவதில்லை. கீழே பழகியது மாதக்கணக்கில் மறந்துபோகும் என்பதால், விண்நடைக்குப் போகுமுன் வீரர்கள் நிலையத்துக்குள்ளேயே கணிப்பொறிக் காட்சியை முகத்துக்கு நேரே வைத்துச் சேஃபர் இயக்கத்தை மீண்டும் பழகிக்கொள்கிறார்கள். மெய்யான வெட்டவெளி சுவருக்கு வெளியே சில அங்குலத் தொலைவில் இருக்க, மெய்யாகவே எடையின்றி மிதந்துகொண்டு, அதன் போலியைக் கண்ணுக்குள் பார்த்துப் பயில்கின்றனர். இன்றுவரை எந்த வீரரும் கயிறு அறுந்து மிதந்துபோனதில்லை. உயிர்காக்க எவரும் சேஃபர் கருவியை இயக்க நேர்ந்ததும் இல்லை. ஆகையால் இந்தப் பள்ளி கற்பித்த உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்பது இன்னும் ஒருமுறையும் சோதிக்கப்படவில்லை.